தனி கிளாக் ஒயர் இல்லாமல், வரும் பிட்டுகளிலிருந்தே கிளாக்கை மீட்பது: படிப்படியாக

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு. கீழ்க்கோடியில் கிணறு, அதை ஒட்டி மோட்டார் கொட்டாய். மேட்டில் வீடு. நடுவே 250 மீட்டருக்கு எப்போதோ புதைத்த இரட்டை ஒயர் ஒன்று சும்மா கிடந்தது. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, மோட்டார் ஓடுகிறதா என்ற இரண்டு செய்தியையும் அந்த ஒரே ஜோடியில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிட்டுகளின் காலத்தைக் காட்டும் துடிப்பான கிளாக்குக்கென்று இன்னொரு ஜோடி போட வழியில்லை. ஒரு பிட் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை வருகிற தரவை வைத்தே பெறும் பக்கம் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் கிளாக் மீட்பு என்கிறோம்.

தெருக்கூத்தில் தாளம் போடுபவர் கைக்கடிகாரம் பார்த்துப் போடுவதில்லை. மத்தளத்தைக் கேட்டுக் காலத்தைப் பிடித்துக்கொள்கிறார். மத்தளம் ஒரு அடி விட்டாலும் அவர் கை நிற்பதில்லை. நாம் எழுதப்போகும் நிரலுக்கும் வேலை அதுதான்.

பிராஜெக்ட் என்று வந்து இதே வேலையை என் மேசையில் செய்து பார்த்த பிள்ளைகள் பலர். எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். "அண்ணா, லூப் லாக் ஆகவே மாட்டேங்குது" என்பார்கள். பிழையைப் பார்த்துப் பார்த்துத் தன் காலத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும் நிரல் பகுதிதான் லூப்; அது காலத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்வதுதான் லாக். லூப்பில் ஒன்றும் இருக்காது. அதற்கு முந்தைய படி ஏதோ ஒன்றைத் தாண்டிக் குதித்திருப்பார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். லூப் 7-ஆம் படியில்தான் வருகிறது.

1. முதலில் ஒரு கணக்கு: இது உங்களுக்குத் தேவையா?

சாதாரண சீரியல் போர்ட் ஒவ்வொரு பைட்டின் தொடக்க பிட்டிலும் புதிதாகக் காலத்தைப் பிடிக்கிறது. அதன்பிறகு கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறது. 10 பிட் கொண்ட சட்டகத்தில் கடைசி பிட்டின் நடுப்புள்ளி 9.5 பிட் தள்ளி இருக்கிறது. அதற்குள் அரை பிட் வழுக்கினால் தப்பாகப் படித்துவிடும். 0.5 / 9.5, அதாவது சுமார் 5 சதவீதம். அனுப்பும் பக்கம், பெறும் பக்கம் இரண்டின் பிழையும் சேர்ந்து இதற்குள் அடங்க வேண்டும்.

நான் கிணற்றடியில் வைத்தது ஏடிடைனி85 என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சிப். அதற்குக் கிளாக் துடிப்பு தரும் உள் ஆர்சி ஆசிலேட்டருக்குத் தொழிற்சாலையில் தரும் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 10 சதவீதம். போதாததற்கு வெப்பமும் மின்னழுத்தமும் மாறினால் அதுவும் மாறும். தகரக் கூரைக் கொட்டாயில் மே மாத மதியம் அந்தப் பெட்டி எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சீரியல் போர்ட் இங்கே சரிப்படாது.

"ஒரு கிரிஸ்டல் போட்டால் போச்சே?" என்று, இன்னும் துல்லியமாகத் துடிக்கும் பாகத்தைச் சொல்லி, எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிறு சிறு பைட்டாக அனுப்புகிறீர்கள், சிப்பில் இரண்டு கால் (பின்) மிச்சம் இருக்கிறது என்றால் கிரிஸ்டல் போட்டுவிட்டு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். எனக்கு அந்த 8 கால் சிப்பில் கால் மிச்சமில்லை. தவிர, இரண்டு பக்கமும் 10 லட்சத்துக்கு 50 பிழை உள்ள கிரிஸ்டல் என்றாலும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகினால் 10 லட்சத்துக்கு 100 ஆகிறது. இடைவிடாமல் பாயும் தரவில் 5,000 பிட்டுக்குள் அரை பிட் வழுக்கிவிடும். தனி கிளாக் ஒயர் இல்லாத வேகமான இணைப்புகளில், கிரிஸ்டல் இருந்தும், கிளாக் மீட்பு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

2. கையில் இருக்க வேண்டியவை

அனுப்பும் பக்கம் ஏடிடைனி85, ஒரு பிசி547 டிரான்சிஸ்டர். பெறும் பக்கம் ஆர்டுயினோ யூனோ, ஒரு பிசி817 ஆப்டோகப்ளர். 12 வோல்ட் சப்ளை, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். 0.5 மில்லிமீட்டர் செப்புக் கம்பி என்றால் போக வர 500 மீட்டருக்குச் சுமார் 44 ஓம் வரும். 1 கிலோ ஓமோடு சேர்த்தால் ஆப்டோவின் எல்இடி வழியே 10 மில்லிஆம்பியர் ஓடும். போதும்.

ஆப்டோ கட்டாயம் வேண்டும். அது சிக்னலை ஒளியாகக் கடத்தி, ஒயரையும் போர்டையும் மின்தொடர்பில்லாமல் பிரித்து வைக்கும். மோட்டார் ஸ்டார்டர் இழுக்கும்போதும் இடி இடிக்கும்போதும் 250 மீட்டர் ஒயர் ஒரு ஆன்டெனா மாதிரிதான். என் முதல் போர்டு ஒரே கோடை மழையில் போனது.

இதையெல்லாம் விட முக்கியம், சிக்னல் எப்போது ஏறி இறங்கியது என்று பதிவு செய்து காட்டும் ஒரு லாஜிக் அனலைசர். 8 சேனல் உள்ள மலிவான ரகமே போதும். பல்ஸ்வியூ மென்பொருளில் பார்க்கலாம். இது இல்லாமல் தொடங்குவது இருட்டில் கிணறு இறங்குவது மாதிரி. பிள்ளைகள் மிச்சம் பிடிக்க நினைப்பது எப்போதும் இதில்தான்.

3. தரவில் எட்ஜ் இருக்கும்படி செய்யுங்கள்

சிக்னல் 0-இலிருந்து 1-க்கோ 1-இலிருந்து 0-க்கோ மாறும் கணத்தை இனி எட்ஜ் என்றே சொல்கிறேன். பெறும் பக்கத்துக்குக் காலம் பற்றிக் கிடைக்கும் ஒரே தடயம் இதுதான். 1 என்றால் உயரம், 0 என்றால் தாழ்வு என்று நேரடியாக அனுப்பினால், தொடர்ந்து நாற்பது 0 வரும்போது ஒயரில் ஒரு மாற்றமும் இருக்காது. அது நாற்பதா நாற்பத்திரண்டா என்று யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு நல்ல லூப் எழுதினாலும் இல்லாத தடயத்தை அதால் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே மான்செஸ்டர் கோடிங். ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கட்டாயம் ஒரு எட்ஜ் உண்டு. ஏறினால் 1, இறங்கினால் 0. பழைய 10 மெகாபிட் ஈதர்நெட் பின்பற்றிய வழக்கம் இது. இதற்கு நேர் எதிரான வழக்கமும் புழக்கத்தில் இருப்பதால் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று தாளில் எழுதி வையுங்கள். அடுத்தடுத்து ஒரே பிட் வந்தால் பிட் எல்லையிலும் ஒரு எட்ஜ் விழும். நடு எட்ஜ் காலம் காட்டும். எல்லை எட்ஜ் வெறும் வழிப்போக்கன். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதில்தான் பாதி வேலை.

இதற்கு விலை, அலைவரிசை இரண்டு மடங்கு வேண்டும் என்பது. நொடிக்கு 1000 பிட் அனுப்ப 500 மைக்ரோநொடிக்கு ஒருமுறை சிக்னல் மாறத் தெரிய வேண்டும். நீர்மட்டம் அனுப்ப அது ஒரு பொருட்டே இல்லை.

4. ப்ரீயாம்பிளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் பெறும் பக்கம் காதைத் தீட்டிக்கொள்ள ஒரு தெரிந்த வடிவம் வேண்டும். 'நிறைய எட்ஜ் வேண்டும், அப்போ எல்லாம் 1 அனுப்பலாம்' என்றுதான் முதலில் தோன்றும். செய்யாதீர்கள்.

மான்செஸ்டரில் தொடர்ந்து 1 அனுப்பினால் அரை பிட்டுக்கு ஒரு எட்ஜ் விழும் சதுர அலை கிடைக்கும். அதில் எது நடு எட்ஜ், எது எல்லை எட்ஜ் என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை. பெறும் பக்கம் பாதி நேரம் அரை பிட் தள்ளி லாக் ஆகும். லாக் என்னவோ அழகாக ஆகிவிடும். பிட்டுகள் மட்டும் குப்பையாக வரும். இந்தப் பிழையில் இரண்டு நாள் தொலைத்த பையனை எனக்குத் தெரியும்.

10101010 அனுப்புங்கள். அப்போது எல்லை எட்ஜ் ஒன்றுகூட இருக்காது. விழும் எட்ஜ் எல்லாம் நடு எட்ஜ், முழு பிட்டுக்கு ஒன்று. நான் 5 பைட், அதாவது 40 பிட் வைத்தேன். முதல் 4 எட்ஜ் தூக்கிப்போட. 16 பிட் சராசரி எடுக்க. 16 பிட் லூப் அடங்க. 4 பிட் கையிருப்பு.

5. நிரல் எழுதும் முன் சிக்னலைப் பாருங்கள்

லாஜிக் அனலைசரை ஆப்டோவின் வெளியீட்டில் மாட்டி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அனுப்பும் சிப்பின் காலில் மாட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பெறும் பக்கத்துக்கு எது வருகிறதோ அதுதான் கணக்கு.

அடுத்தடுத்த எட்ஜ்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை எல்லாம் எடுத்து, எந்த நீளம் எத்தனை முறை வந்தது என்று ஒரு வரைபடம் போடுங்கள். மான்செஸ்டரில் இரண்டு குவியல் வர வேண்டும்: அரை பிட், முழு பிட். 500-உம் 1000-உம் எதிர்பார்த்திருப்பீர்கள்.

எனக்கு வந்தது நான்கு குவியல்: 500, 560, 1030, 1090 மைக்ரோநொடி.

இதைப் பார்த்து மிரள வேண்டாம். இரண்டு சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. 1030-ஐயும் 1090-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 1060. அனுப்பும் சிப் 6 சதவீதம் மெதுவாக ஓடுகிறது, அது ஒன்று. உயரமாக இருக்கும் நேரம் 30 மைக்ரோநொடி கூடுதல், தாழ்வாக இருக்கும் நேரம் அதே அளவு குறைவு, அது இரண்டாவது. ஆப்டோகப்ளர் ஒரு திசையில் சட்டென்று மாறும், மறு திசையில் சோம்பலாக மாறும். வெளியீட்டில் பெரிய ரெசிஸ்டர் வைத்தால் சோம்பல் இன்னும் கூடும்.

முதல் பிழை கிளாக்குடையது. அதை லூப் சரிசெய்யும். இரண்டாவது கிளாக் பிழையே அல்ல. அதை லூப்பிடம் விட்டால் தரவுக்குத் தகுந்தாற்போல லூப் ஆடும். தொடர்ந்து 1 வந்தால் எல்லா நடு எட்ஜும் ஏறும் எட்ஜாக இருப்பதால் லூப் ஒரு பக்கம் நகரும். தொடர்ந்து 0 வந்தால் மறுபக்கம். இந்த வரைபடத்தைப் பார்க்காதவர்கள் இந்த ஆட்டத்தை லூப்பின் குறை என்று நினைத்து எண்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

6. எட்ஜின் நேரத்தைச் சரியாகப் பிடித்து, முதல் மதிப்பீட்டை எடுங்கள்

யூனோவில் 8-ஆம் காலில் டைமர் 1-இன் இன்புட் கேப்சர் இருக்கிறது. எட்ஜ் விழுந்த கணத்தில் டைமரின் எண்ணை வன்பொருளே குறித்து வைத்துவிடும். நிரல் வேறு வேலையில் இருந்தாலும் நேரம் கெடாது. டைமரை 8-ஆல் வகுத்து ஓட விட்டால் ஒரு டிக் 0.5 மைக்ரோநொடி. பெயரளவு பிட் 2000 டிக்.

இங்கே வழக்கமாக நடக்கும் தப்புகள் சில. ஏறும் எட்ஜிலிருந்து இறங்கும் எட்ஜுக்குத் தேர்வை மாற்றியதும், எட்ஜ் வந்தது என்று காட்டும் கேப்சர் கொடியை அழிக்க வேண்டும். மறந்தால் பொய் எட்ஜ் வரும். எட்ஜ் வந்ததும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஓடும் இன்டரப்ட் பகுதிக்குள் சீரியலில் அச்சிடாதீர்கள். 9600 வேகத்தில் ஒரு எழுத்து போகவே 1 மில்லிநொடிக்கு மேல் ஆகும், அதாவது ஒரு முழு பிட். பஃபர் நிறைந்துவிட்டால் உங்கள் நிரல் அங்கேயே நின்றுவிடும். பிழை தேட எழுதிய வரியே பிழையாகிப்போகும்.

இரண்டு நேரங்களைக் கழிக்கும்போது 16 பிட் அளவிலேயே கழியுங்கள். டைமர் 65,536-இல் திரும்பி 0-க்கு வந்தாலும் வித்தியாசம் சரியாகவே வரும். ஆனால் ஒயர் 32 மில்லிநொடிக்கு மேல் அமைதியாக இருந்துவிட்டால் அந்த வித்தியாசத்தை நம்பாதீர்கள். டைமர் எத்தனை சுற்று சுற்றியது என்று தெரியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

இப்போது மதிப்பீடு. ஏறும் எட்ஜிலிருந்து அடுத்த ஏறும் எட்ஜ் வரை அளந்தால் ஆப்டோவின் கோணல் தானாகவே கழிந்துவிடும், ஏனென்றால் இரண்டு முனையிலும் ஒரே தாமதம்தான். ப்ரீயாம்பிளில் அப்படி ஒரு இடைவெளி இரண்டு பிட். எட்டு இடைவெளி எடுத்தால் 16 பிட் நேரம் கையில். கூடவே உயரமாக இருந்த நேரத்துக்கும் தாழ்வாக இருந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் குறித்துக்கொள்ளுங்கள். என் ஒயரில் அது 30 மைக்ரோநொடி, 60 டிக். இனி ஒவ்வொரு இறங்கும் எட்ஜின் நேரத்திலிருந்தும் இதைக் கழித்துவிட்டுத்தான் லூப்புக்குக் கொடுக்க வேண்டும்.

ஒரு பள்ளம் இருக்கிறது. 16 பிட்டுக்கு 16 × 2000 = 32,000 டிக். ஆர்டுயினோவில் சாதாரண முழு எண்ணின் உச்சவரம்பு 32,767. மேசையில் வைத்த சிப் சரியான வேகத்தில் ஓடியதால் எல்லாம் நன்றாக இருந்தது. கொட்டாயில் வைத்த சிப் 6 சதவீதம் மெதுவு. 33,920 ஆனதும் எண் எதிர்மறையாகிவிட்டது. 'இங்கே ஓடுது, அங்கே ஓடலை' என்று ஒயரைத் தோண்டிப் பார்க்கும் அளவுக்குப் போனேன். குறியில்லாத எண் வகையை எடுத்திருந்தால் மண்வெட்டி தேவைப்பட்டிருக்காது.

800 முதல் 1200 மைக்ரோநொடிக்குள் வராத மதிப்பீட்டை ஏற்காதீர்கள். அரை பிட்டை முழு பிட்டாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இதில் அடிபட்டுப்போகும்.

7. லூப்

இரண்டே எண்களை நினைவில் வைக்கிறோம்: அடுத்த நடு எட்ஜை எப்போது எதிர்பார்க்கிறோம், ஒரு பிட்டின் நீளம் எவ்வளவு. எட்ஜ் வந்ததும்:

பிழை = வந்த நேரம் − எதிர்பார்த்த நேரம்
எதிர்பார்ப்பு = எதிர்பார்ப்பு + பிட் நீளம் + பிழை / 4
பிட் நீளம் = பிட் நீளம் + பிழை / 64

பிழையை முழுதாகத் திருத்தாமல் கால் பங்கு மட்டும் ஏன்? ஒரு எட்ஜ் தாமதமாக வந்ததற்குக் காரணம் கிளாக் விலகலாகவும் இருக்கலாம், இரைச்சலாகவும் இருக்கலாம். முழுதாகத் திருத்தினால் ஒவ்வொரு இரைச்சலுக்கும் தலையாட்டுவீர்கள்.

மூன்றாவது வரி எதற்கு என்று கேட்பார்கள். அது இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் விடை தெரியும். பிட் நீளம் 2000 என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் 2120. ஒவ்வொரு பிட்டுக்கும் 120 டிக் பின்தங்குகிறோம், அதில் கால் பங்குதான் திருத்துகிறோம். பிழை 120, 210, 277, 328 என்று ஏறிக்கொண்டே போய் 480-இல் நிற்கும். அங்கேயே நிற்கும், குறையாது. நடு எட்ஜா எல்லை எட்ஜா என்று பிரிக்கும் கோடு கால் பிட்டில், அதாவது 500 டிக்கில் இருக்கிறது. விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறோம், ஸ்டார்டர் ஒருமுறை இழுத்தால் போதும், விழுந்துவிடுவோம். மூன்றாவது வரி அந்த 120-ஐக் கற்றுக்கொண்டு பிழையைச் சுழியத்துக்குக் கொண்டுவருகிறது.

4-உம் 64-உம் கைக்கு வந்த எண்கள் அல்ல. முதல் பங்கின் வர்க்கத்தில் நாலில் ஒன்றாக இரண்டாவது பங்கு இருந்தால் லூப் ஊசலாடாமல், அதிகம் இழுத்தடிக்காமல் அடங்கும். கால் பங்கின் வர்க்கம் 1/16. அதில் நாலில் ஒன்று 1/64. ப்ரீயாம்பிள் முடிந்ததும் நான் 1/8, 1/256 என்று குறைத்துவிடுவேன். பிடிக்கும்போது வேகம் வேண்டும். பிடித்தபின் நிதானம் வேண்டும். இரண்டாவது பங்கைப் பெரிதாக வைத்தால் லூப் குடித்தவன் நடப்பது போல இரண்டு பக்கமும் தள்ளாடும். வரைந்து பார்த்தால் உடனே தெரியும்.

இனி எண்கணித வலை. 64-ஆல் வகுக்க 6 இடம் வலப்பக்கம் தள்ளினால் போதும் என்று எல்லாரும் செய்வார்கள். 63 டிக் வரையான பிழை அதில் 0 ஆகிவிடும். அதே சமயம் −1 என்ற பிழையைத் தள்ளினால் 0 வராது, −1 வரும். ஆக, நேர்ப்பிழைகள் காணாமல் போகும், எதிர்ப்பிழைகள் முழுதாக எண்ணப்படும்; பிட் நீளம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். பார்க்கிறவருக்கு இது வெப்பத்தால் வந்த விலகல் போலவே தெரியும்.

வழி எளிது. பிட் நீளத்தை 256 மடங்காக்கி 32 பிட் எண்ணில் வையுங்கள். அப்போது 1/64 என்பது 'பிழை × 4 கூட்டு', 1/256 என்பது 'பிழையை அப்படியே கூட்டு'. எதுவும் தொலையாது. 6-ஆம் படியில் எடுத்த 16 பிட் கூட்டுத்தொகையை 16-ஆல் பெருக்கினால் தொடக்க மதிப்பும் தயார், வகுக்கவே வேண்டாம். 16 பிட் எண்ணில் இது அடங்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்; 2000 × 256 = 5,12,000.

8. எந்த எட்ஜை ஏற்பது, எதை விடுவது

பிழை கால் பிட்டுக்குள் இருந்தால் அது நடு எட்ஜ், லூப்புக்குக் கொடுங்கள். அதைவிட முன்னால் வந்தால் எல்லை எட்ஜ், பேசாமல் விடுங்கள். எல்லை எட்ஜையும் லூப்புக்குக் கொடுப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தப்பு. ப்ரீயாம்பிளில் எல்லை எட்ஜே இல்லாததால் அங்கே தெரியாது. தரவு தொடங்கிய மறுகணம் லாக் போய்விடும். 'ப்ரீயாம்பிள் வரைக்கும் நல்லா வருது அண்ணா' என்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கால் பிட்டுக்கும் மேல் தாமதமாக வந்தால் நடுவில் ஒரு எட்ஜ் தொலைந்திருக்கிறது. எதிர்பார்ப்பை ஒரு பிட் நீளம் முன்னே தள்ளி, அந்த பிட்டைச் சந்தேகம் என்று குறித்துவிட்டு, மறுபடி ஒப்பிடுங்கள். மத்தளம் நின்றாலும் தாளம் நிற்காத இடம் இதுதான். தொடர்ந்து மூன்று தொலைந்தால் லாக் போனதாக வைத்துக்கொண்டு அடுத்த ப்ரீயாம்பிளுக்குக் காத்திருங்கள். தொடர்ந்து 12 நடு எட்ஜ் எட்டில் ஒரு பிட்டுக்குள் விழுந்தால் லாக் ஆனதாக வைத்துக்கொள்கிறேன்.

ஸ்டார்டரின் முள் வடிவ இரைச்சல் தனிக் கதை. கேப்சரோடு வரும் இரைச்சல் நீக்கி நான்கு கிளாக் துடிப்பு, அதாவது கால் மைக்ரோநொடிதான் பார்க்கும். அதை விட நீளமான முள்ளுக்கு அது பயனில்லை. கால் பிட்டுக்கும் குறைவான இடைவெளியில் இரண்டு எட்ஜ் வந்தால் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப்போடுங்கள். இரண்டாவதை மட்டும் போட்டால் ஏற்றம் இறக்கம் மாறி, அதற்கப்புறம் எல்லாம் தலைகீழ்.

9. பிட்டுகளும் சிங்க் வேர்டும்

நடு எட்ஜ் ஏறினால் 1, இறங்கினால் 0. இதில் சொல்ல அதிகமில்லை. பைட் எங்கே தொடங்குகிறது என்று அறிய ப்ரீயாம்பிளுக்குப் பின் தெரிந்த 16 பிட் வடிவம் ஒன்றை வையுங்கள்; இதுதான் சிங்க் வேர்ட். அது 1010-ஐப் போல இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் முன்கூட்டியே பொருந்திவிடும். அதன் நேர் எதிர் வடிவம் வந்தால் வழியில் டிரான்சிஸ்டரோ ஆப்டோவின் வெளியீடோ சிக்னலைத் தலைகீழாக்கியிருக்கிறது, நிரலிலேயே புரட்டிக்கொள்ளலாம். கடைசியில், செய்தி கெடாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்ணாக ஒரு சிஆர்சி.

10. வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

மேசையில் ஓடிவிட்டது என்று தோப்புக்குப் போகாதீர்கள். ஏடிடைனியில் ஆஸ்க்கால் என்ற ரெஜிஸ்டர் உள் ஆசிலேட்டரின் வேகத்தை மாற்றும். அதைப் படிப்படியாக ஏற்றி இறக்கி எந்த எல்லை வரை லாக் நிற்கிறது என்று குறியுங்கள். 127-க்கும் 128-க்கும் நடுவே தாண்டாதீர்கள். அந்த இடத்தில் இரண்டு அலைவெண் வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், 128-க்குப் போனால் வேகம் கூடாமல் குறைந்துவிடும்.

தரவாக 127 பிட்டுக்கு ஒருமுறை சுழலும் போலித் தற்செயல் வரிசையை அனுப்பலாம். கடைசி 7 பிட்டை வைத்து அடுத்த பிட்டைப் பெறும் பக்கமே ஊகித்துச் சரிபார்க்கும். ஒரு பிட் கெட்டால் இந்த முறையில் மூன்று பிழை எண்ணப்படும், மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் சுமார் 34 லட்சம் பிட் போகும். அதில் பிழையே இல்லை என்றால், பிழை வீதம் 10 லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அரை நிமிடம் ஓட்டிவிட்டு 'பிழையே இல்லை' என்பது பேச்சுக்குத்தான் ஆகும்.

அப்புறம் ஒரு ஹேர் டிரையர். செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியைச் சூடாக்கி, லூப் கற்றுக்கொண்ட பிட் நீளத்தை மட்டும் வெளியே அச்சிட்டுப் பாருங்கள். சூட்டோடு அது மெல்ல நகர வேண்டும், பிழை சுழியத்தைச் சுற்றியே நிற்க வேண்டும். பிட் நீளம் நகராமல் பிழை நகர்ந்தால் மூன்றாவது வரி வேலை செய்யவில்லை என்று பொருள்.

11. கோடிங் உங்கள் கையில் இல்லை என்றால்

வேறொருவர் அனுப்பும் சிக்னலைப் பிடிக்கும்போது மான்செஸ்டர் வேண்டும் என்று கேட்க முடியாது. அப்போது முதல் கேள்வி: எட்ஜ் இல்லாமல் அதிகபட்சம் எத்தனை பிட் போகலாம்? வண்டிகளில் உள்ள கேன் (CAN) இணைப்பில் ஒரே பிட் ஐந்து முறை வந்ததும் எதிர் பிட் ஒன்றைத் திணிப்பார்கள். யுஎஸ்பியில் ஆறு 1 வந்ததும் ஒரு 0. 8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்பும் 8பி/10பி கோடிங்கில் ஐந்துக்கு மேல் போகாது. பிட்டுகளைக் கலைத்து அனுப்பும் ஸ்கிராம்ப்ளர் மட்டும் இருந்தால் உறுதியான எல்லை கிடையாது, நிகழ்தகவு மட்டும்தான்.

எட்ஜ் வராத பிட்டில் லூப்பைத் தொடாதீர்கள். தகவல் வரவில்லை என்பது பிழை 0 என்று வந்ததாகாது. ஆறு பிட் கழித்து வந்த எட்ஜின் பிழை ஆறு பிட்டிலும் சேர்ந்தது. பிட் நீளத்தைத் திருத்தும் வரியில் அதை ஆறால் வகுத்துவிட்டுக் கொடுங்கள். இதை மறந்தால் நீண்ட மௌனத்துக்குப் பிறகு வரும் ஒவ்வொரு எட்ஜிலும் லூப் எகிறிக் குதிக்கும்.

எட்ஜே தெளிவாகத் தெரியாத, வளைந்து வளைந்து வரும் ரேடியோ சிக்னல் என்றால் நேரம் குறிக்கும் வழி செல்லாது. மாதிரிகளிலிருந்து பிழையைக் கணக்கிட வேண்டும். ஒருமுறைக்கு அனுப்பும் ஒவ்வொரு சின்னத்துக்கும் (சிம்பல்) இரண்டு மாதிரி இருந்தால் கார்ட்னர் முறை, ஒன்றுதான் என்றால் முல்லர்–முல்லர் முறை. 7-ஆம் படியின் இரண்டாவது, மூன்றாவது வரிகள் அங்கேயும் அப்படியே இருக்கும். மாறுவது 'பிழை' என்ற முதல் வரி மட்டும்தான்.